மருத்துவக் கல்லூரி வாசலும் நம் தலித் பிள்ளைகளும்



ஒவ்வொரு ஆண்டும் பெரும்பாலும் மே மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அன்று நாடு முழுவதும் 'நீட்' தேர்வு நடைபெறுகிறது. அன்றைய திருப்பலியில் தேர்வு எழுதும் மாணவர்களுக்காக மன்றாடுகிறோம். தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை சாலைகளில் பயிற்சி மையங்களின் விளம்பரப் பலகைகள் எழுந்து நிற்கின்றன. அவற்றில் சிரிக்கும் முகங்களைப் பார்த்து மகிழ்கிறோம். ஆனால் ஒரு கேள்வியை நாம் கேட்பதில்லை. நம் கிளைப்பங்குகளில், ஊருக்குத் தெற்கே அல்லது கிழக்கே தள்ளி இருக்கின்ற காலனித் தெருக்களில் வாழும் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தப் பலகையில் இருக்கிறார்கள்?

இந்தக் கேள்வி நமக்குப் புதியதாகத் தோன்றலாம். ஆனால் நம் ஊரின் வரலாற்றைப் பார்த்தால், இதை நாம் எப்போதோ கேட்டிருக்க வேண்டும் என்று புரியும். பாளையங்கோட்டையைத் 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு' என்று பெருமையோடு அழைக்கிறோம். இங்கே 1964இல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 1965இல், திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. அறுபது ஆண்டுகளாக இரண்டு மருத்துவக் கல்லூரிகள் நம் கண்ணெதிரே நிற்கின்றன. முக்கூடலிலிருந்தோ, கடையத்திலிருந்தோ, களக்காட்டிலிருந்தோ பேருந்து ஏறினால் சில மணி நேரத்திற்குள் ஹைகிரவுண்டு மருத்துவமனை வாசலில் இறங்கிவிடலாம். நோயாளிகளாக நம் மக்கள் அந்த வாசலை நன்றாக அறிவார்கள். மாணவர்களாக அந்த வாசலுக்குள் நுழைவதுதான் எட்டாக் கனியாக இருக்கிறது. பீடி சுற்றும் தாய்க்கும், வயலில் நாற்று நடும் தாய்க்கும் அந்தப் பயணம் பேருந்துக் கட்டணத்தால் மட்டும் முடிவதில்லை.

"சாமி, டாக்டர் படிப்பெல்லாம் நம்ம பிள்ளைகளுக்கு எட்டுமா?" என்று பெற்றோர் கேட்பதை நாம் பங்குகளில் அடிக்கடி கேட்கிறோம். இது தாழ்வு மனப்பான்மை என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவது எளிது. உண்மையில் அவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் அப்படிக் கேட்கிறார்கள். அந்தக் கணக்கை நாமும் ஒருமுறை போட்டுப் பார்ப்போம்.

மாறிவந்த வாசல்

தமிழகத்தில் தொழிற்கல்விக்கு 1984 முதல் நுழைவுத் தேர்வு இருந்தது. கிராமப்புற, ஏழை மாணவர்களுக்கு அது தடையாக இருக்கிறது என்பதால் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அது நீக்கப்பட்டது. அதன்பின் பத்தாண்டு காலம் பிளஸ் டூ மதிப்பெண்ணே மருத்துவ இடத்தைத் தீர்மானித்தது. 2017 முதல் நீட் தேர்வு நம் மாநிலத்திலும் கட்டாயமானது. அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா, சுமை தூக்கும் தொழிலாளியின் மகள், பிளஸ் டூ தேர்வில் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றிருந்தும் மருத்துவ இடம் கிடைக்காமல், உச்ச நீதிமன்றம் வரை சென்றும் பயனின்றி, 2017 செப்டம்பர் 1 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். அவரும் தலித் குடும்பத்துப் பிள்ளைதான்.

நீதியரசர் ஏ.கே. ராஜன் குழு 2021இல் அளித்த அறிக்கை ஓர் உண்மையைத் தெளிவாகக் காட்டியது. 2016-17ஆம் கல்வியாண்டில் மருத்துவப் படிப்பிற்கு விண்ணப்பித்தவர்களில் முந்தைய ஆண்டுகளில் பள்ளி முடித்துவிட்டு மீண்டும் முயன்றவர்கள் ஏறத்தாழ 12 சதவீதம். 2020-21இல் அது 71 சதவீதத்தைத் தாண்டியது. இதன் பொருள் என்ன? பள்ளி முடித்தபின் ஓராண்டோ ஈராண்டோ வேலைக்குப் போகாமல், பயிற்சி மையத்திற்குப் பணம் கட்டி, வீட்டில் அமர்ந்து படிக்க முடிந்தவர்களின் தேர்வாக இது மாறிவிட்டது. தினக்கூலி வீட்டில் பதினெட்டு வயதுப் பிள்ளை ஓராண்டு 'சும்மா இருப்பது' எத்தனை பெரிய செலவு என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெண் பிள்ளை என்றால் அந்த ஓராண்டிற்குள் மாப்பிள்ளை பார்க்கும் பேச்சும் வந்துவிடும்.

நீட் தேர்விலிருந்து விலக்குக் கோரும் மசோதாவைச் சட்டப்பேரவை 2021லும் மீண்டும் 2022லும் நிறைவேற்றியது. அதற்கு ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் பேரவையில் அறிவிக்கப்பட்டது. இந்த அரசியல் விவாதம் தொடரட்டும். ஆனால் இன்று பத்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை விவாதம் முடியும்வரை காத்திருக்க முடியாது.

இதற்கிடையே ஒரு கதவு திறந்தது. நீதியரசர் கலையரசன் குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து நீட் தேர்வில் தகுதி பெற்றவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அரசுப் பள்ளிகளிலிருந்து எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். முதல் ஆண்டிலேயே அந்த எண்ணிக்கை 300ஐத் தாண்டியது. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் அவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. இந்தச் சட்டம் செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. பல், சித்தா, ஆயுர்வேதம், ஓமியோபதி படிப்புகளுக்கும் இது பொருந்தும்.

நம் பிள்ளைக்கு மூன்று பூட்டுகள்

இப்போது நம் வீட்டுக் கணக்கிற்கு வருவோம். ஒரு தலித் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். பெற்றோர் விவசாயக் கூலிகள். ஞாயிறு தவறாமல் ஆலயத்திற்கு வருபவர்கள். பிள்ளையைச் சாமியார் பள்ளியில் அல்லது சிஸ்டர்கள் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள்.

முதல் பூட்டு 1950 ஆகஸ்ட் 10 அன்று போடப்பட்டது. அன்று வெளியான குடியரசுத் தலைவரின் ஆணை, பட்டியல் இனத்தவர் என்ற தகுதியை இந்துக்களுக்கு மட்டும் உரியதாக்கியது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் இஸ்லாமியர்களும் இன்றுவரை வெளியே நிற்கிறார்கள். ஆகவே தமிழகத்தில் நம் பிள்ளை பட்டியல் இனத்தவருக்கான 18 சதவீதத்தில் போட்டியிட முடியாது. பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் போட்டியிட வேண்டும். மருத்துவச் சேர்க்கையில் இந்த இரண்டு பிரிவுகளின் 'கட்-ஆஃப்' மதிப்பெண்களுக்கு இடையே பெரிய இடைவெளி இருக்கிறது. அதே தெருவில், அதே கூலியில், அதே அவமானத்தில் வாழும் இரண்டு பிள்ளைகளில் ஒருவர் திருமுழுக்குப் பெற்றவர் என்பதற்காகவே இந்த வேறுபாடு.

இரண்டாம் பூட்டு நாம் அதிகம் பேசாதது. 7.5 சதவீத ஒதுக்கீட்டுச் சட்டம் அரசுப் பள்ளிகளுக்கானது. ஊராட்சி ஒன்றிய, நகராட்சி, மாநகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் அதில் அடங்கும். அரசு உதவி பெறும் பள்ளிகள் அதில் இடம்பெறவில்லை. நம் மறைமாவட்டப் பள்ளிகளும் துறவற சபைகளின் பள்ளிகளும் பெரும்பாலும் உதவி பெறும் பள்ளிகளே. அங்கே தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளின் வறுமைக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் வறுமைக்கும் வேறுபாடு கிடையாது. உயர்கல்வி உதவித்தொகை வழங்கும் புதுமைப்பெண் திட்டம் முதலில் அரசுப் பள்ளி மாணவியருக்கு மட்டுமே இருந்தது. 2024 இறுதியில் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவியருக்கும் அது விரிவாக்கப்பட்டது. அந்த நியாயம் மருத்துவ ஒதுக்கீட்டிற்கும் பொருந்தும் என்று கேட்பது தவறாகாது.

மூன்றாம் பூட்டு வழிகாட்ட ஆள் இல்லாமை. குடும்பத்தில் பட்டதாரியே இல்லாத வீட்டில், விண்ணப்பம் எப்போது, சான்றிதழ் எது, கலந்தாய்வு எங்கே என்று சொல்ல அண்ணனோ அக்காவோ இருப்பதில்லை. ஒரு சாதிச் சான்றிதழ் தாமதமானதால் ஓராண்டு வீணான கதைகள் நம் பங்குகளில் உண்டு.

இந்த மூன்று பூட்டுகளையும் சேர்த்துப் பாருங்கள். கிறிஸ்தவராக இருப்பதால் பட்டியல் இன ஒதுக்கீடு இல்லை. கிறிஸ்தவப் பள்ளியில் படித்ததால் அரசுப் பள்ளி ஒதுக்கீடு இல்லை. அதாவது, திருச்சபையை நம்பி ஆலயத்திற்கும் பள்ளிக்கும் வந்த ஏழைப் பிள்ளையே மருத்துவக் கல்லூரி வாசலில் எல்லாரையும் விடத் தொலைவில் நிற்கிறது. இது நம் உறக்கத்தைக் கெடுக்க வேண்டிய செய்தி.

தொட்டுப் பார்க்கும் தொழில்

"எல்லாப் பிள்ளைகளும் டாக்டராக வேண்டுமா? வேறு படிப்பே இல்லையா?" என்று சிலர் கேட்பது நியாயமே. எல்லாரும் ஆக வேண்டியதில்லை. ஆனால் ஒரு சமூகத்திலிருந்து ஒருவரும் ஆக முடியாமல் போவது வேறு செய்தி.

மருத்துவம் மனிதரைத் தொட்டுச் செய்யும் தொழில். நாடி பிடித்து, வயிற்றை அழுத்தி, புண்ணைத் துடைத்துச் செய்வது. தொடுவதற்கே தடை விதித்த ஒரு சமூகத்தில், தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்டவரின் மகள் ஸ்டெதஸ்கோப்புடன் எல்லாச் சாதியாரின் நெஞ்சிலும் கை வைத்துக் கேட்பது சாதாரண நிகழ்ச்சி அல்ல. நம் ஆண்டவர் தொழுநோயாளரைத் தம் வார்த்தையாலேயே குணமாக்கியிருக்க முடியும். ஆயினும் கையை நீட்டித் தொட்டார். அந்தத் தொடுதலே பாதி நலம்.

நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இது முக்கியம். நம் தாய்மார்கள் பலர் மருத்துவரிடம் நோயை முழுவதும் சொல்வதில்லை. திட்டுவாரோ, புரியாதோ என்ற அச்சம். தன் தெருவின் பேச்சைப் பேசும் மருத்துவர் முன் அந்த அச்சம் குறைகிறது.

இந்த மண்ணில் படிப்பும் ஆபத்தானதாக ஆகியிருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். 2023 ஆகஸ்ட் 9 அன்று இரவு நாங்குநேரியில், பிளஸ் டூ படித்துவந்த தலித் மாணவர் ஒருவரை அவருடைய பள்ளியில் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். பாளையங்கோட்டை அரசு மருத்துவமனையில் நீண்ட சிகிச்சை பெற்ற அந்த மாணவர், அடுத்த ஆண்டு பொதுத்தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் பெற்றார். அந்த நிகழ்வுக்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, பள்ளிகளில் சாதி அடையாளக் கயிறுகள் முதல் பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி வரை நீக்க வேண்டும் என்று 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தில் 17 உயிர்களைத் தாமிரபரணி ஆற்றில் இழந்த மாவட்டம் இது. நம் திருச்சபையும் இதற்கு வெளியே நிற்கவில்லை. வடக்கன்குளம் ஆலயத்திற்குள் சாதிகளைப் பிரித்த சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. இந்திய ஆயர் பேரவை 2016இல் தலித் மக்களின் முன்னேற்றத்திற்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டது, சுவர்கள் எல்லாம் இன்னும் விழவில்லை என்பதால்தான்.

ஒரு சவேரியார் கல்லூரியின் பாடம்

நம்மைப் போன்ற கேள்வியைச் சந்தித்த வேறொரு மக்களையும் பார்ப்போம். அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கென்று ஏழு மருத்துவக் கல்லூரிகள் இருந்தன. மருத்துவக் கல்வியின் தரத்தை உயர்த்துவதற்காக 1910இல் வெளியான ஃபிளெக்ஸ்னர் அறிக்கைக்குப் பின் அவற்றில் ஐந்து மூடப்பட்டன. 'தரம்' என்ற சொல் சில வேளைகளில் யாரை வெளியே தள்ளுகிறது என்பதற்கு இது சான்று. இன்றும் அந்நாட்டு மக்கள்தொகையில் ஏறத்தாழ 13 சதவீதமாக உள்ள கறுப்பின மக்கள், மருத்துவர்களில் அதில் பாதி அளவுகூட இல்லை.

ஆனால் அங்கே ஒரு கத்தோலிக்கக் கல்லூரி வழி காட்டியது. வங்கி அதிபர் குடும்பத்தில் பிறந்து, தம் சொத்தையெல்லாம் கறுப்பின, பழங்குடி மக்களின் கல்விக்குக் கொடுத்த துறவி புனித கேத்தரின் டிரெக்சல், நியூ ஆர்லியன்ஸ் நகரில் 1915இல் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அது 1925இல் கல்லூரியானது. அதன் பெயர் சேவியர் பல்கலைக்கழகம். நம் பாளையங்கோட்டையில் 1923இல் தொடங்கிய கல்லூரிக்கும் அதே புனிதரின் பெயர்தான். அந்தச் சிறிய பல்கலைக்கழகம் பெரிய பல்கலைக்கழகங்களையெல்லாம் விடக் கூடுதலான கறுப்பின மாணவர்களைப் பல ஆண்டுகள் மருத்துவக் கல்லூரிகளுக்கு அனுப்பியிருக்கிறது.

எப்படி முடிந்தது? அவர்கள் முதல் மதிப்பெண் பெற்றவர்களை மட்டும் பொறுக்கி எடுக்கவில்லை. உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே பிள்ளைகளைக் கோடை விடுமுறையில் அழைத்து அறிவியலும் கணிதமும் சொல்லிக் கொடுத்தார்கள். தனியாகப் போட்டி போட விடாமல் குழுவாகப் படிக்க வைத்தார்கள். பாடம் புரிந்ததா என்று அடிக்கடி சோதித்தார்கள். விண்ணப்பம், கடைசித் தேதி, நேர்காணல் அனைத்தையும் உடனிருந்து கவனித்தார்கள். இவற்றில் எதற்கும் பெரிய கட்டடம் தேவையில்லை. அக்கறையும் ஒழுங்கும் போதும்.

நம் பங்குகளில் செய்யக்கூடியவை

முதலாவது, ஐந்தாம் வகுப்பிலேயே பெற்றோரிடம் உண்மையைச் சொல்வோம். 7.5 சதவீத ஒதுக்கீட்டிற்கு ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். எனவே முடிவெடுக்க வேண்டிய வயது பதினேழு அல்ல, பத்து. மருத்துவக் கனவுள்ள ஏழைப் பிள்ளைக்கு அருகிலுள்ள நல்ல அரசுப் பள்ளியே ஏற்றது என்றால், நம் பள்ளியில் ஒரு சேர்க்கை குறைந்தாலும் அதைச் சொல்லத்தான் வேண்டும். நம் பள்ளியின் எண்ணிக்கையை விடப் பிள்ளையின் எதிர்காலம் பெரிது.

இரண்டாவது, நம் பள்ளிகளிலேயே தங்கும் தலித் பிள்ளைகளுக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் மாலை வகுப்பு நடத்துவோம். நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் பாதி, அதாவது 360, உயிரியலுக்கு உரியது. தாவரமும் விலங்கும் நம் பிள்ளைகளுக்கு அந்நியமல்ல. இயற்பியலும் வேதியியலும்தான் அவர்களைத் தடுக்கின்றன. ஓய்வு பெற்ற ஆசிரியப் பெருமக்கள் ஒவ்வொரு பங்கிலும் இருக்கிறார்கள். வாரம் இரண்டு மாலைகள் அவர்கள் தரட்டும். பங்கு மண்டபத்தின் விளக்கு இரவு ஒன்பது மணி வரை எரியட்டும்.

மூன்றாவது, சான்றிதழ் பணியை அன்பியங்கள் ஏற்கலாம். சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி ஆகிய சான்றிதழ்கள் பிளஸ் ஒன் முடிவதற்குள் கையில் இருக்க வேண்டும். இன்னொன்றையும் பலர் அறிவதில்லை. கிறிஸ்தவத்திற்கு மதம் மாறிய ஆதிதிராவிடர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இட ஒதுக்கீடு இல்லையென்றாலும், வருமான வரம்புக்கு உட்பட்டுத் தமிழக அரசின் ஆதிதிராவிடர் நலத்துறை கல்வி உதவித்தொகை வழங்குகிறது. இதைக் கேட்டுப் பெறுவோம்.

நான்காவது, மீண்டும் ஒருமுறை தேர்வு எழுத விரும்பும் ஏழைப் பிள்ளைக்கு அந்த ஓராண்டைப் பங்கு தாங்கட்டும். திருவிழாவின் வாணவேடிக்கைக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவாவதில் ஒரு பகுதி போதும், ஒரு பிள்ளையின் ஓராண்டுப் பயிற்சிக்கும் சாப்பாட்டுக்கும். புனித வின்சென்ட் தே பவுல் சபையினர் இதைத் தொடங்கி வைக்கலாம்.

ஐந்தாவது, மருத்துவம் என்றால் எம்.பி.பி.எஸ். மட்டும் அல்ல என்று சொல்லிக் கொடுப்போம். நம் ஊரிலேயே சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதற்கும் நீட் தகுதி வேண்டும், ஆனால் தேவைப்படும் மதிப்பெண் குறைவு. செவிலியர், மருந்தாளுநர், இயன்முறை மருத்துவம், ஆய்வகத் தொழில்நுட்பம் ஆகியவையும் மாண்புள்ள பணிகளே. இந்திய ஆயர் பேரவை 1963இல் பெங்களூரில் தொடங்கிய தூய யோவான் மருத்துவக் கல்லூரியில் கத்தோலிக்க மாணவர்களுக்கென இடங்கள் உண்டு என்பதையும் நம் பிள்ளைகள் அறியட்டும்.

ஆறாவது, தோல்வியைத் தாங்கக் கற்றுக் கொடுப்போம். அனிதாவுக்குப் பின்னும் நம் மாநிலம் பல பிள்ளைகளை இந்தத் தேர்வின் பெயரால் இழந்துவிட்டது. பிள்ளையை ஊக்குவிப்பதும் பிள்ளையின் தலையில் குடும்பத்தின், தெருவின், சமூகத்தின் பாரத்தையெல்லாம் ஏற்றுவதும் ஒன்றல்ல. தேர்வு முடிவு வரும் வாரத்தில் அந்த வீடுகளுக்கு நாம் செல்வோம். மனம் உடைந்திருக்கும் பிள்ளைக்கு 104 என்ற எண்ணிலும் 14416 என்ற எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும் என்பதைப் பள்ளிகளிலும் ஆலய அறிவிப்புப் பலகையிலும் எழுதி வைப்போம்.

உரிமைக்குரலும் உடனிருத்தலும்

இவற்றைச் செய்வதால் உரிமைப் போராட்டத்தை விட்டுவிடலாம் என்று பொருள் அல்ல. நீதியரசர் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இலேயே பட்டியல் இனத் தகுதியை மதத்திலிருந்து பிரிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. தமிழகச் சட்டப்பேரவை 2023 ஏப்ரல் 19 அன்று கிறிஸ்தவ தலித் மக்களுக்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியது. மத்திய அரசு 2022 அக்டோபரில் அமைத்த நீதியரசர் கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்தின் காலம் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. ஒவ்வொரு ஆகஸ்ட் 10ஆம் நாளும் நாம் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறோம். கறுப்புக் கொடி ஏற்றும் அந்த நாளில், நம் பங்கிலிருந்து எத்தனை தலித் பிள்ளைகள் அறிவியல் பிரிவில் சேர்ந்தார்கள், எத்தனை பேர் நீட் எழுதினார்கள், எத்தனை பேர் சேர்க்கை பெற்றார்கள் என்ற கணக்கையும் பங்குப் பேரவை வாசிக்கட்டும். அரசிடம் நீதி கேட்கும் நாம், நம்மிடமே அந்தக் கணக்கைக் கேட்டுக்கொண்டால் நம் குரலுக்கு வலிமை கூடும்.

தாமிரபரணி பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் வரை எந்தத் தெருவின் வயல் என்று கேட்டுப் பாய்வதில்லை. வாய்க்காலை வெட்டுபவரும் மடையை அடைப்பவரும் மனிதரே. நம் பள்ளிகளும் பங்குகளும் இறைவன் நம் கையில் தந்த வாய்க்கால்கள். கடைமடை வரை நீர் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது நம் கடமை.

"நம்ம பிள்ளைகளுக்கு எட்டுமா, சாமி?" என்று கேட்கும் பெற்றோருக்கு வெறும் ஆறுதல் வார்த்தை போதாது. எட்டும் உயரத்தில் ஏணி வைத்துவிட்டுப் பதில் சொல்வோம். மருத்துவரான புனித லூக்கா நம் பிள்ளைகளுக்காகப் பரிந்து பேசுவாராக. இறைவன் நம் முயற்சிகளை ஆசீர்வதிப்பாராக.